எங்கப்பாவா இருந்தாலும்

முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணைக் காட்டத்தான் வருவார்கள். கண்ணைக் கொடுக்க வரமாட்டார்கள். சொட்டு மருந்து என்றால் கையை நீட்டுவார்கள். ஆபரேஷன் என்ற சொல் விழுந்ததும் ஒருவருக்கு வீட்டில் அவிழ்ந்து கிடக்கும் ஆடு நினைவுக்கு வரும். இன்னொருவருக்கு மருமகள் தேடுவாளே என்ற கவலை பிறக்கும். அப்படி எழுந்து போகிறவர்களைத் திரும்ப உட்கார வைப்பதற்கென்றே கண் டாக்டரம்மாவிடம் ஒரு வாக்கியம் இருந்தது.

"எங்கப்பாவா இருந்தாலும் இதே மேசைதான், இதே லென்ஸ்தான், இதே கைதான்."

சொல்லிவிட்டுக் கையை உயர்த்திக் காட்டுவாள். அந்தக் கையைப் பார்க்க முடியாதவர்கள்கூட அது இருக்கும் திசையைப் பார்ப்பார்கள். கூட்டத்தின் இறுக்கம் தளரும். யாராவது ஒருவர், "அப்பனுக்கே பண்ணுவேன்னுதே, அப்புறம் என்னய்யா?" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி நிறையும்.

அப்பாவின் கண்கள் அப்போது பழுதில்லாமல் இருந்தன. ஆகவே உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழாமல் அந்த வாக்கியம் பல வருடங்கள் நிம்மதியாக வாழ்ந்தது. பிறகு அப்பாவுக்கும் புரை விழுந்தது.

தம்பிதான் முதலில் பேசினான். லென்ஸைப் பற்றியோ, அக்காவின் கையைப் பற்றியோ அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அக்கா, அப்பாவை அந்தப் பெஞ்சுல உக்கார வைக்கப் போறியா?" என்று மட்டும் கேட்டான். அவள் பேச்சை மாற்றினாள். அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டான்.

அந்தப் பெஞ்சு அறுவை அரங்கின் வாசலில், சுவரோடு சுவராக நீண்டு கிடந்தது. தச்சரை அருகில் நிறுத்தி அவளே செய்வித்தது. முதுகுச் சாய்வு கிடையாது. மேல்பலகை மட்டும் கைபட்டால் வழுக்கும் அளவுக்கு இழைக்கப்பட்டிருந்தது. முகம் கழுவி, பச்சை அங்கியும் பச்சைத் தொப்பியும் மாட்டி, கண்ணில் சொட்டு விட்டு, நோயாளிகளை அதில் வரிசையாக உட்கார வைப்பார்கள். முன்னால் இருப்பவர் உள்ளே போனதும் மற்றவர்கள் எழ வேண்டியதில்லை. உட்கார்ந்தபடியே ஒரு ஆள் அகலம் நகர வேண்டும். எழுந்தால் தடுமாறுவார்கள், ஒருவரை ஒருவர் இடிப்பார்கள், நேரம் போகும். நகர்ந்தால் எதுவும் இல்லை. உள்ளே இரண்டு மேசைகள். ஒன்றில் அவள் ஒரு கண்ணின் அறுவையை முடிக்கும்போது மற்றதில் அடுத்த கண் தயாராக இருக்கும். இவ்வளவு குறைந்த செலவில் எப்படி முடிகிறது என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவள் முதலில் காட்டியது லென்ஸை அல்ல, பெஞ்சைத்தான். அதைப் பற்றி மேடைகளில் பேசியிருக்கிறாள். கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

ஆனால் அந்தப் பலகையில் அப்பாவை வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் பேருந்தில் கண்டக்டராக நின்றவர்; ஓய்வு பெற்ற பிறகும் மடிப்புக் கலையாத சட்டையோடுதான் வாசலுக்கு வருவார். அந்தச் சட்டையின் மேல் அங்கியை மாட்டி, "தாத்தா, நகருங்க" என்று ஒரு சின்னப் பெண் தொடையில் தட்டுவதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. தம்பி ஏற்பாடு செய்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணாடிச் சுவர், தனி அறை, சோபா. அவள் அந்தச் சோபாவில் விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தாள். போகும் வழியில் அப்பா ஒரே ஒரு முறை, "உன் ஆஸ்பத்திரி இந்தப் பக்கம் இல்லையே, பாப்பா?" என்று கேட்டார். "அங்க ஒரே கூட்டம்ப்பா" என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த சில நாட்களிலேயே கல்லுடைப்பவர்களின் குடியிருப்பில் முகாம் வந்தது.

அங்கே எல்லோருக்கும் முந்தி வந்து நின்றவள் ஒரு கிழவி. கல் தெறித்து ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மிஞ்சிய கண்ணில் புரை முற்றிப் பால்போல் வெளுத்திருந்தது. இன்னும் கொஞ்ச காலத்தில் வெளிச்சமும் இருட்டும் தவிர வேறெதுவும் தெரியாது. குடியிருப்பில் அவளைச் சம்மட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவள் கையில் பிடித்த கருவியால் வந்த பெயரா, வாயால் வந்த பெயரா என்பதில் அங்கேயே இரண்டு கட்சி இருந்தது.

டாக்டரம்மா வாக்கியத்தைச் சொன்னாள். கையை உயர்த்தினாள். கூட்டம் வழக்கம்போல் இளகியது. சம்மட்டி இளகவில்லை.

"உங்கப்பாருக்குக் கண்ணு எப்படி?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. "புரை இருந்துச்சும்மா. எடுத்தாச்சு."

"இதே மேசையிலயா?"

பக்கத்தில் அட்டையில் கண் அளவு எழுதிக்கொண்டிருந்த பெரிய சிஸ்டரின் பேனா நின்றது. அப்பா விஷயம் ஆஸ்பத்திரியில் சிஸ்டர் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

"ஆமாம்மா" என்றாள் டாக்டரம்மா.

எவ்வளவு எளிதாக வந்தது என்பதுதான் பிறகு அவளை உறுத்தியது. ஒரு பொய்க்கு முன்னால் வரவேண்டிய தயக்கம்கூட வரவில்லை. இத்தனை வருடங்களாகச் சொல்லிச் சொல்லி அதற்கு நாக்கு வழி அமைத்துக் கொடுத்திருந்தது. சம்மட்டி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்கல்ல? பெத்த அப்பனையே படுக்க வெச்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? முதல்ல நான் போறேன். நான் முழிச்சு வந்தா மத்தவங்க வாங்க. வரலேன்னா என் பாத்திரத்தை அடிச்சுக்காம பங்கு போட்டுக்கங்க."

சிரிப்பு எழுந்தது. துணிச்சலுள்ள சிலர் அவளோடு வண்டி ஏறினார்கள். மற்றவர்கள் அவள் திரும்பி வரட்டும் என்று நின்றுவிட்டார்கள். திரும்பும் வழியில் பெரிய சிஸ்டர், "ஏங்க மேடம், தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே?" என்றாள். "எங்கப்பாவுக்கு எங்க நடந்துச்சுன்னு எனக்கே தெரியலைன்னா?" என்றாள் அவள். சிஸ்டர் அதற்குச் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை அரங்கில் வேலை தொடங்கி வெகு நேரம் ஆகியிருக்காது. இரண்டாம் மேசையில் ஒருவரின் கண் திறந்திருந்தது. நுண்ணோக்கியின் வட்டத்துக்குள் குனிந்திருந்தவளின் காதில், சரியாக மூடாத அரங்குக் கதவின் இடைவெளி வழியாக ஒரு குரல் விழுந்தது. நெரிசலான பேருந்தின் கடைசி இருக்கைவரை எட்டிப் பழகிய குரல்.

"உள்ள நகருங்க, உள்ள நகருங்கன்னு ஆயுசு பூரா நான் ஊரை நகத்தினேன். இப்ப என்னை நகத்துறாங்க பாரும்மா!"

அவள் கை நிற்கவில்லை. நிற்கக்கூடாத இடத்தில் இருந்தது. கண்ணை மட்டும் ஒரு கணம் உயர்த்தினாள். கதவுக் கண்ணாடிக்கு அப்பால், பெஞ்சின் நடுவில், மடிப்புக் கலையாத சட்டையின் மேல் பச்சை அங்கி மாட்டி, தலையில் பச்சைத் தொப்பியோடு அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சம்மட்டி.

நடந்தது வேறொன்றுமில்லை. புதிய கண்ணால் மகளின் ஆஸ்பத்திரியைப் பார்க்க ஆசைப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட வயதானவர் ஒருவர் வாசலில் தயங்கி நின்றால் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒன்றே ஒன்றுதான் செய்யத் தெரியும். காவலாளி கைபிடித்து உள்ளே விட்டான். ஒரு பெண் அங்கியை மாட்டினாள். இன்னொருத்தி தொப்பியைப் போட்டு, "தாத்தா, இங்க" என்று பலகையில் உட்கார வைத்தாள். நீங்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அங்கே வேகம். அவரும் சொல்லவில்லை. மகள் நடத்தும் இடத்தில் எது எங்கே போகிறது என்று பார்க்கும் ஆர்வத்தில், ஓட்டுநருக்கு விசில் கொடுக்காத கண்டக்டர்போல் வாயை மூடிக்கொண்டு இரண்டு ஆள் அகலம் நகர்ந்தும் விட்டார்.

சொட்டு விடுகிற பெண் அவரிடம் வந்தாள். "எந்தக் கண்ணு தாத்தா?"

"ஒண்ணு ஆயிடுச்சும்மா. இன்னொண்ணு பாக்கி. நீ எதுல வேணா விடு, நான் வேண்டாங்கல."

வரிசை சிரித்தது. சம்மட்டி கேட்டாள்: "ஒண்ணு ஆயிடுச்சா? வலிச்சுதா அண்ணே?"

"ஊசி குத்துறப்ப சுருக்குன்னுச்சு. அதோட சரி. அப்புறம் என் மக கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா."

"இதே மேசையிலயா?"

உள்ளே டாக்டரம்மா லென்ஸைக் கண்ணுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். மடிந்து போய், விரிந்து, இடத்தில் அமர வேண்டிய நேரம். "சிஸ்டர், கதவு" என்றாள். பெரிய சிஸ்டர் கதவருகே போவதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"இங்க இல்லம்மா. அது பெரிய எடம். வாசல்ல செருப்பைக் கழட்டவே கூச்சமா இருந்துச்சு, தரை அப்படி மின்னுது. எனக்குத் தனி ரூம், டிவி வேற. கண்ணைக் கட்டிட்டு டிவி போட்டு விட்டாங்க, பாத்துக்க! ஆனா எனக்கு இங்க வரணும்னுதான் ஆசை. இதை நடத்துற டாக்டரே என் மகதான்."

கதவு சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு வெளியே என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை.

கண்ணை முடித்துக் கட்டுப் போட்டு, கையுறையைக் கழற்றி அவள் வெளியே வந்தபோது சம்மட்டி எழுந்து நின்றிருந்தாள். சொட்டு விட்டதால் மிஞ்சிய கொஞ்சப் பார்வையும் கூசிக் கலங்கி, சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளோடு வந்த குடியிருப்புக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்துகொண்டிருந்தார்கள். எப்போதும் ஆட்கள் நகர மட்டுமே செய்யும் பெஞ்சில் எல்லோரும் எழுந்து நிற்பது ஏதோ கலவரம்போல் இருந்தது.

"அம்மா" என்றாள் டாக்டரம்மா.

"ஒத்தைக் கண்ணும்மா எனக்கு. ரெண்டு இருந்தா ஒண்ணை உன் பேச்சுக்குக் கொடுத்திருப்பேன்." நேற்றைய 'நீங்கள்' அவள் வாயிலிருந்து போய்விட்டிருந்தது. "அப்பனுக்கு நல்ல லென்ஸு, எங்களுக்கு மட்டமா?"

"லென்ஸ்ல வித்தியாசம் இல்லம்மா. சத்தியமா இல்ல. அங்க போட்டதும் இங்க போடறதும் ஒரே பார்வைதான் கொடுக்கும்."

"பின்ன எதுல வித்தியாசம்?"

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்ல இன்னொரு வழி அவளுக்கு இருந்தது. தம்பி பிடிவாதம் பிடித்தான் என்று சொல்லியிருக்கலாம். அது முழுப்பொய்யும் அல்ல.

"இதுல" என்றாள், பெஞ்சைக் காட்டி. பச்சைத் தொப்பிகளுக்குக் கீழிருந்த எல்லா முகங்களும் அவள் கையின் பக்கம் திரும்பின. "எங்கப்பாவை இதுல உக்கார வெச்சு நகத்த எனக்கு மனசு வரல."

"ஓ" என்றாள் சம்மட்டி. கோபம் குறைந்து ஒருவித ஆச்சரியம் குரலில் ஏறியது. "அப்ப இது உக்கார லாயக்கில்லாத எடம்னு உனக்கே தெரியும். எங்களுக்குப் போதும்னு வெச்சிருக்க."

இதற்கு அவளிடம் விடை இல்லாமல் இல்லை. நேரக் கணக்கு இருந்தது. குறைந்த செலவின் நியாயம் இருந்தது. இந்தப் பலகை இல்லையென்றால் இருளிலேயே இருந்திருக்கக்கூடியவர்களின் பெரும் கூட்டம் இருந்தது. எல்லாம் மேடைகளில் சரளமாக வருபவை. அவை பொய்யல்ல என்பதும், அப்பாவுக்கு என்று வந்தபோது அவற்றில் ஒன்றுகூட அவளுக்குப் போதவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, இந்தப் பெஞ்சுக்காகவா? நான் என்னவோ, கண்டக்டர் அப்பன் வந்து நின்னா உன் ஆளுங்க முன்னாடி உனக்குக் கொறச்சலா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். அதான் இத்தனை நாளா வாயே திறக்கல."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. காதுமடல்வரை சூடேறியது. முகக்கவசத்தை இழுத்து மேலே ஏற்றிக்கொண்டாள்; பிறகு அதுவும் ஒளிந்துகொள்வதாகத் தோன்ற, கீழே இறக்கினாள். ஒரே காரியத்தால் எதிரெதிரான இரு தரப்பை அவமதித்திருந்தாள். நோயாளிகளை, இது உங்களுக்குப் போதும் என்று. அப்பாவை, நீங்கள் இங்கே வரவேண்டாம் என்று.

அவசரத்தில் அடுத்த தவறையும் செய்தாள். "அம்மா, எங்கப்பாவுக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு. இப்பவே, உங்களுக்கு முன்னாடி, இதே மேசையில நான் பண்றேன். நீங்க உக்காந்து பாருங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க."

"ஏன், அவரு கண்ணு என்ன சூதாட்டக் காயா?" என்றாள் சம்மட்டி. "நீ சொன்ன பொய்யை நிமித்தறதுக்கு ஒரு மனுசனைப் படுக்க வைக்கணுமா? அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல" என்றார் அப்பா. கோபமில்லாமல்தான் சொன்னார். "ரெண்டு தடவையும் கேக்கல. அங்க போறப்பவும் கேக்கல, இங்க படுங்கறப்பவும் கேக்கல. இந்தக் கண்ணுக்கு எங்க போறதுன்னு நானே சொல்றேன். நீயும் உன் தம்பியும் பேசி முடிச்சுடாதீங்க." அங்கியை அவரே கழற்றி மடித்தார். மடிப்பு மடிப்பாக, அவருக்கே உரிய ஒழுங்கோடு மடித்துச் சொட்டு விடும் பெண்ணிடம் கொடுத்தார். "நான் வெளிய மரத்தடியில இருக்கேன்."

யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை. உள்ளே முதல் மேசையில் ஒருவர் தயாராகக் காத்துக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் வாசலில் வந்து நின்று, கூப்பிடவும் முடியாமல் போகவும் முடியாமல் கையைப் பிசைந்தாள்.

குடியிருப்புக்காரர் ஒருவர் கேட்டார்: "என்னக்கா பண்றது? போயிடலாமா?"

"எங்க போறது?" சம்மட்டி சுவரிலிருந்து கையை எடுத்தாள். "அந்த டிவி ஆஸ்பத்திரிக்கா? நம்மளை வாசல்ல விடுவானா? வேற கதி இருக்கா நமக்கு? அதான் எனக்கு எரியுது. இவ பொய் சொன்னாலும் இவகிட்டதான் வரணும், உண்மையைச் சொன்னாலும் இவகிட்டதான் வரணும்." பலகையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். "இங்க பாரு டாக்டரம்மா. உன்னை நம்பி உக்காரல. வழியில்லாம உக்காருறேன். அதை மட்டும் தெரிஞ்சுக்க."

மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த சத்தம், எழுந்துபோயிருந்தால் வந்திருக்கக்கூடிய சத்தத்தைவிட அவளுக்குக் கனமாக இருந்தது.

சம்மட்டியின் முறை வந்தபோது அவள் பச்சைத் துணிக்கடியில் அசையாமல் கிடந்தாள். கண் மட்டும் வட்டமான துளை வழியாகத் தெரிந்தது. டாக்டரம்மா எப்போதும் மேசையில் பேசிக்கொண்டே இருப்பாள். பேச்சுக் கொடுத்தால் நோயாளியின் உடல் இறுக்கம் விடும். இன்று ஒரு வாக்கியமும் வரவில்லை. கைக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. மனம் கூனிக் குறுகிக் கிடக்கும்போது கை இவ்வளவு நிதானமாக இருப்பதே வெட்கக்கேடாகத் தோன்றியது. முற்றிய புரை கடினமாக இருந்தது. அவசரப்படாமல் கரைத்து எடுத்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல."

"நிஜமாவா?"

"நான் பொய் சொல்றதில்ல" என்றது துணிக்கடியிலிருந்து குரல்.

பெரிய சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு கருவிகளை எண்ணினாள்.

மறுநாள் காலை கட்டவிழ்ப்பு. அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் விரும்பும் நேரம் அது. கட்டைப் பிரித்ததும் சிலர் அழுவார்கள், சிலர் பக்கத்துப் படுக்கைக்காரரின் மூக்கைக் கிண்டல் செய்வார்கள், பலர் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவள் மறுப்பாள், ஆனால் கையை இழுத்துக்கொள்ள மாட்டாள். அந்த ஒற்றுதலுக்குத் தான் எவ்வளவு பழகிப்போயிருக்கிறோம் என்பது, சம்மட்டியின் கட்டைப் பிரித்த அன்றுதான் அவளுக்குப் புரிந்தது.

சம்மட்டி முதலில் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காய்த்துப்போன உள்ளங்கை, நகமில்லாத ஒரு விரல். விரல்களை எண்ணச் சொன்னபோது சரியாக எண்ணினாள். "நல்லா தெரியுது" என்றாள். கையை நீட்டவில்லை.

"என்னை மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள் டாக்டரம்மா. முந்தின நாளிலிருந்து தயாரித்து வைத்திருந்தது. சொன்னபோது முகாம் வாக்கியம்போலவே பளபளப்பாக ஒலித்தது.

"அதெல்லாம் பெரிய பேச்சு. சொட்டு மருந்து எத்தனை வேளை விடணும்?"

சொன்னாள். எத்தனை நாள் குனியக்கூடாது, புகையில் நிற்கக்கூடாது, தூசி படாமல் எப்படிக் கண்ணாடி போடவேண்டும், எப்போது திரும்பக் கல்லுடைக்கப் போகலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சம்மட்டி ஒன்று விடாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

வாசலில் வண்டி நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட குடியிருப்புக்காரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் படியில் நின்று, "யாருடா இவன் கறுப்பா, கண்ணாடி வேற போட்டுக்கிட்டு?" என்று அடுத்தவரைக் கேட்டுச் சிரிக்க வைத்தார். டாக்டரம்மா வண்டிவரை நடந்தாள். வழக்கமாக அவள் அங்கே வருவதில்லை. அதற்குள் அடுத்த கண் மேசையில் இருக்கும்.

சம்மட்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே நின்றவளை முதல் தடவையாக நேராக, நிதானமாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அந்தப் பார்வையின் தெளிவு தன் கை கொடுத்தது என்பதே டாக்டரம்மாவின் தலையைத் தாழ்த்தியது.

"என்ன, மிச்ச ஆளுங்க வருவாங்களான்னு கேக்க வந்தியா?"

"ஆமாம்மா." குடியிருப்பில் இன்னும் பார்வை போய்க்கொண்டிருந்தவர்களின் முகங்கள் அவளுக்கு நினைவிருந்தன.

"கண்ணு தெரியுதுன்னு சொல்வேன். உங்கப்பனை நீ எங்க கொண்டு போனேங்கறதையும் சொல்வேன், பெஞ்சையும் சொல்வேன். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைச் சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு வர்றவன் வரட்டும்."

"சொல்லுங்கம்மா" என்றாள் டாக்டரம்மா.

"நீ சொல்லச் சொல்லித்தான் நான் சொல்லணுமா?" என்றாள் சம்மட்டி. ஓட்டுநரைப் பார்த்து, "எடுப்பா" என்றாள்.